மேம்படுத்தும் கட்டளைக்கு மேலே ஒரு வரி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே. கையேட்டில் பிழை இருக்கிறது என்று யாரோ மின்னஞ்சல் போட்டபோதே, "வந்துட்டாரு பெரிய வாத்தியார்" என்று மூடி வைத்துவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருசங்கள். பதுளைக் கடைவீதி மாடியொன்றில் கம்பியூட்டர் வகுப்பு நடத்தினேன். கம்பியூட்டரையே இயக்கும் இலவச மென்பொருள் ஒன்றுக்குத் தமிழ்க் கையேடு எழுதும் வேலையை நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதில், இருக்கிற மென்பொருள்களைப் புதுப்பிக்கும் சின்னக் கட்டளைக்குப் பதில், முழு மெஷினையும் அடுத்த பதிப்புக்கு மாற்றும் கட்டளையைப் போட்டிருந்தேன். இதை எவன் படிக்கப்போகிறான் என்ற அலட்சியம்தான்.

படித்தவர் ஒருவர் இருந்தார், பசறைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூட மாஸ்டர். ஓர் எழுத்து பிசகாமல் அடித்திருக்கிறார். புதுப் பதிப்பு இணையத்தில் பாதி இறங்கும்போது மழையில் டெலிபோன் லைன் போய்விட்டது. மெஷின் அதற்குப் பிறகு எழும்பவில்லை.

படுக்கை விரிப்பில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கையேடும் கையில் இருந்தது.

"இதுல உள்ளபடிதான் செஞ்சேங்க சேர். நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல."

தப்பு யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு வெட்கம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும். "ஒழுங்கா படிச்சிட்டு செய்யக்கூடாதா மாஸ்டர்?" என்று எரிந்து விழுந்தேன். சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அவர் கைகட்டி நின்றார். வேலை தெரிந்தவர் வேலை செய்யும்போது குறுக்கே பேசமாட்டார்கள் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் நின்று நின்று வந்த பழக்கம்.

முடிந்த பிறகுதான் கேட்டார். "அந்த லிஸ்ட் இருக்குங்களா சேர்?"

பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களின் பட்டியல். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வைத்திருந்தது. யார் எந்தத் துரை காலத்தில், எந்த லயத்தில் பிறந்தார்கள் என்று தோட்டத்து மருத்துவச்சி சொல்லச் சொல்ல மாஸ்டர் கொப்பியில் எழுதியது. கொப்பி கூரை ஒழுகி நனைந்துபோனதால்தான் கம்பியூட்டரில் ஏற்றியிருக்கிறார்.

"அந்த மருத்துவச்சிகிட்டயே திரும்பக் கேட்டு எழுதலாமே மாஸ்டர்."

"அவங்க போன மாசம் தவறிட்டாங்க சேர்."

அவர், "பரவாயில்லீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். கையேட்டை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே பக்கத்தைத் திருத்தினேன். சரியான கட்டளையைப் போட்டு, அதற்கு மேலே, 'முதலில் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். பழைய பக்கத்தில் பிழை இருந்தது என்று எங்கும் எழுதவில்லை. அவருக்கும் ஒரு புதுப் பிரதி அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. 'கையேடு கிடைத்தது சேர். பிரதி எடுக்கச் சொல்லித் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நான்தான் அந்த வரியைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.'