சைபர் வராத மண்

எங்கள் காட்டில் குழி போட்ட அன்று அங்கே இருந்தவர்கள்: ஆய்வுக்கூடத்து மேடம், டெக்னீஷியன் அண்ணன், துளை போடும் வண்டிக்காரர், அவரோடு வந்த ஆள் ஒருத்தர், அப்பா, நான். அப்பாவின் அக்கா, என் அத்தை, ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். இல்லாதவர்கள்: அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. பிற்பாடு எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன அத்தனை பேரில் ஒருத்தர்கூட அன்றைக்கு அங்கே இல்லை.

நான் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். அணுசக்திக் கழிவில் வீரியம் குறைந்ததை மண்ணுக்குள் வைத்து மூடும்போது சுற்றிலும் களிமண்ணை மெத்தை மாதிரி போடுவார்கள். தண்ணீர் உள்ளே போகக்கூடாது, உள்ளே இருப்பது வெளியே கசியக்கூடாது. எந்த ஊர்க் களிமண் எவ்வளவு பிடித்து வைக்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. களிமண்ணையும் உப்புத் தண்ணீரையும் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, தெளியவிட்டு, தண்ணீரில் மிச்சம் எவ்வளவு என்று அளப்பேன். அந்த உப்பும் கதிரியக்கம் இல்லாத சாது உப்பு. கதிரியக்கம் உள்ள எதையும் நான் இன்றுவரை கையால் தொட்டதில்லை. இதை அத்தையிடம் விளக்கியபோது, "பாட்டில்ல சேறு கலக்கறதுக்கா இத்தன வருசம் படிச்ச? எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்து கலக்கியிருப்பேனே" என்றாள்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசலுக்கு அடியில் நனைந்தால் உப்புகிற களிமண் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்று மேடம் சொன்னதும் எங்கள் பக்கமே போகலாம் என்றேன். முதலில் கேட்டது எங்கள் காட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரரை. அப்பா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் காட்டில்தான் கூலிக்கு வெங்காயம் பிடுங்கினார். "என் மண்ணுல ஓட்டை போட விடமாட்டேன்" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்பாதான் முன்னால் வந்து, "நம்ம காட்டுல போடுங்க மேடம். கவர்மெண்டு காரியம்" என்றார்.

நம்ம காடு. அந்த வார்த்தையைச் சொல்ல எங்கள் வீட்டில் அதற்கு முன் யாருக்கும் வாய்க்கவில்லை. தாத்தாவுக்கும் காடு கிடையாது, அவர் அப்பாவுக்கும் கிடையாது. முந்தின வருடம்தான் அந்த ஒரு ஏக்கரை வாங்கியிருந்தோம். அதில் போட்ட முதல் வெள்ளாமை சின்ன வெங்காயம். பிடுங்கி, காயவைத்து, மேல்தாளை அறுத்து, காட்டோரத்தில் பட்டறை போட்டு வைத்திருந்தோம். தரையிலிருந்து தூக்கி, பக்கமெல்லாம் காற்றுப் புகத் தட்டி அடைத்து, மேலே கீற்று போட்ட நீளமான கூண்டு அது. விலை ஏறும்வரை வெங்காயம் அதற்குள் கிடக்கும். மழையும் ஈரமும் வரும்முன் விற்றுவிடவேண்டும், இல்லாவிட்டால் முளை விட்டு அழுகிவிடும். யாவாரி வந்து உரித்துப் பார்த்துவிட்டு, "வர்ற வெள்ளிக்கிழமை லாரி அனுப்பறேன்" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என்று ஒரு கிழமைதான் இருப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார்.

குழி காட்டின் தரிசு மூலையில், பட்டறையிலிருந்து தள்ளித்தான் போட்டார்கள். ஒரு சொம்பு வாய் அகலம். பாதியில் துளைக்கம்பி களிமண்ணில் மாட்டிக்கொண்டது. நாளைக்கு வேறு கம்பி கொண்டுவந்து எடுக்கலாம் என்று முடிவானது. ஆடு கீடு காலை விட்டுவிடக்கூடாது என்று டெக்னீஷியன் அண்ணன் நாலு குச்சி நட்டு, ஜீப்பிலிருந்து டேப்பை எடுத்துச் சுற்றிக் கட்டினார். மஞ்சள் டேப். அதில் வரிசையாக, நடுவில் பொட்டு வைத்து மூன்று இறக்கை விரித்த அந்தக் குறி.

கதிரியக்கம் இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டவேண்டிய டேப் அது. ஆனால் எங்கள் கூடத்தில் அது எல்லா இடத்திலும் கிடக்கும். ஸ்டோரில் சணல் கேட்டால் இல்லை என்பார்கள், டேப் கேட்டால் இதைத்தான் கொடுப்பார்கள். அட்டைப்பெட்டி ஒட்ட இதுதான், உடைந்த நாற்காலிக்குக் கட்டுப்போட இதுதான். ஆயுதபூஜைக்குக் காகிதத் தோரணத்தைச் சுவரில் ஒட்டியதும் இதே டேப்பால்தான். எங்களில் யாருக்கும் அந்தக் குறி கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. மேடம் ஜீப்பில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்பாதான் கேட்டார்.

"இதென்னப்பா, ஃபேன் படம் போட்டிருக்கு?"

"அது கம்பெனி மார்க்குண்ணே. மஞ்சளா இருக்குல்ல, ஆடு பாத்து ஒதுங்கிரும்" என்றார் டெக்னீஷியன் அண்ணன்.

ஆடு ஒதுங்கியது. மறுநாள் விடிந்ததும் ஊரும் ஒதுங்கியது.

டேப் கட்டிய குழியின் போட்டோ முதலில் எங்கள் ஊர் வாட்ஸாப் குரூப்பில் வந்தது. நாங்கள் திரும்ப வந்து கம்பியை எடுத்து, குழியை மூடி, டேப்பை அவிழ்ப்பதற்குள் அது வாலிகண்டபுரம் தாண்டி அரும்பாவூர்வரை போய்விட்டது. 'நம் மண்ணில் அணுக்கழிவு கொட்டும் அரசு' என்று மேலே எழுதி, கீழே எங்கள் காடு. பின்னால் மங்கலாக எங்கள் பட்டறை. மண்ணை எடுத்துப் போகத்தான் வந்தோம், எதையும் கொண்டுவந்து போடவில்லை என்று நான் ஒவ்வொருத்தருக்கும் பதில் எழுதினேன். "எடுக்கறவன் எதுக்கு எச்சரிக்கை போர்டு வைக்கிறான்?" என்று என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவனே கேட்டான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்காகத் தென்னைமரம் முங்குகிற பள்ளமெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு எந்த குரூப்பிலும் போட்டோ வரவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி வரவில்லை. மூட்டை பிடிக்க வருவதாகச் சொன்ன பெண்களும் வரவில்லை. அத்தை மட்டும் வந்தாள். வந்து பட்டறையைப் பார்த்து, "ராத்திரியில வெளிச்சம் அடிக்குதாம்ல உங்க வெங்காயம்? எங்க வூட்டுக்கு ரெண்டு குடு, கரெண்டு பில்லு மிச்சம்" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. அத்தையும் பிறகு சிரிக்கவில்லை. அவளுடைய ஆட்டுப் பாலையே வேண்டாம் என்று இரண்டு வீட்டில் சொல்லிவிட்டிருந்தார்கள்.

அப்பா யாவாரிக்குப் போன் போட்டார். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். "நான் எடுத்துக்குவேன்ப்பா. எங்கிட்ட வாங்கறவன் எடுக்கணும்ல? ஒரு பேப்பர் வாங்கியா. ஒன்னும் இல்லைன்னு கவர்மெண்டு பேப்பர். அப்புறம் பேசிக்கலாம்."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "இவ்வளவுதானா? எம்புள்ள ஆபீசே அதானே" என்றார்.

நான் மேடத்திடம் போய் நின்றேன். கெட்டவர் இல்லை. டேப் விஷயம் கேட்டு டெக்னீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுத் திட்டினார். "பழக்கதோஷம் மேடம்" என்று அவரும் தலையைச் சொறிந்தார். ஆனால் கடிதம் என்றதும் மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அந்த மண்ணு பாதுகாப்பானதுன்னு நான் எழுதித் தர முடியாதுப்பா. நமக்கு அந்த அதிகாரம் இல்ல. நாளைக்கு எவனாவது அதக் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போனா?"

"நாமதான மேடம் டேப் கட்டினோம்?"

"அத எழுத்துல ஒத்துக்கச் சொல்றியா?"

என் ஒப்பந்தத்தை வருடாவருடம் புதுப்பிப்பது அவருடைய கையெழுத்துதான். அவரே பிறகு வழி சொன்னார். வெளியாட்கள் மாதிரி கொண்டுவந்தால் கட்டணத்துக்குச் சோதித்துக் கொடுக்கிற பிரிவு ஒன்று கீழ்த்தளத்தில் இருக்கிறது. "அப்பாவ அப்ளை பண்ணச் சொல்லு. ஊழியர் சலுகை கிடையாது, நீ ஊழியர் கணக்குலயும் வரமாட்ட."

அப்பா அதிகாலை பஸ் ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு மஞ்சப்பை. ஒன்றில் மண், ஒன்றில் வெங்காயம். வாசலில் செக்யூரிட்டி, "என்ன விசயமா?" என்று கேட்டார்.

"மண்ணு குடுக்க வந்தேங்க."

"யாருக்கு?"

"கவர்மெண்டுக்கு."

நான் ஓடிப்போய்ப் பாஸ் எழுதி உள்ளே கூட்டிவந்தேன். வரவேற்பறைக்கு அப்பால் விடமாட்டார்கள். நான் எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று பார்க்க அவருக்கு ஆசை. கண்ணாடிக் கதவு வழியாகக் கையைக் காட்டினேன். "அந்த வரிசையில மூணாவது ஜன்னல்." ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மேடத்துக்கு என்று தனியாகக் கட்டி வைத்திருந்த வெங்காயத்தைக் கொடுத்தார். மேடம் வாங்கி, நன்றி சொல்லி, மேசைக்கு அடியில் வைத்தார். அடுத்த வாரம் ஆபீஸ் கூட்டுகிற அம்மா அதைக் குப்பையில் போட எடுத்துப்போனதை நான் பார்த்தேன். முளை விட்டிருந்தது.

அறிக்கை வந்தது. சுத்தமான அறிக்கை. மண்ணிலும் வெங்காயத்திலும் வெளியிலிருந்து வந்த கதிரியக்கம் எதுவும் கருவிக்குத் தென்படவில்லை. இயற்கையாக எந்த மண்ணிலும் இருப்பது எவ்வளவோ அவ்வளவுதான் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மை என்று ஒன்று இருக்கிறது, அதை அளக்கலாம், அளந்ததைத் தாளில் எழுதினால் ஊர் ஒத்துக்கொள்ளும் என்று நம்பித்தானே இத்தனை பஸ் ஏறி இறங்கிப் படித்தேன். அறிக்கையை லேமினேஷன் போட்டு நானே ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

யாவாரி பெரம்பலூரில் மண்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொன்னார். அப்பாவைச் சொல்லவில்லை. அப்பா மூட்டை ஓரமாக நின்றார். யாவாரி கண்ணாடி போட்டுத் தாளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"இங்கிலீஷ்ல இருக்கு. சரி. இந்த நம்பர் என்ன தம்பி?"

"அது இயற்கையா மண்ணுல இருக்கறதுங்க. பொட்டாசியம், தோரியம், அந்த மாதிரி."

"அப்ப இருக்கு."

"எல்லா மண்ணுலயும் இருக்குங்க. இந்த மண்டிச் சுவத்துல இருக்கு. வாழைப்பழத்துல இருக்கு. உங்க உடம்புல இருக்கு."

"எம் உடம்புல இருக்குன்னு எவனும் பேப்பர் குடுக்கலியே தம்பி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் விரலை இறக்கினார். "இது என்ன, இந்த வரி?"

"கருவி கண்டுபிடிக்கற அளவுக்குக் கீழன்னு போட்டிருக்குங்க. அதாவது இல்லைன்னு அர்த்தம்."

"இல்லைன்னா இல்லைன்னு போட மாட்டானா? மெசினுக்குத் தெரியலைன்னுதான போட்டிருக்கான்." தாளைத் திருப்பினார். "அடியில என்னமோ பொடி எழுத்துல இருக்கே?"

சோதனைக்குத் தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும் என்று இருந்தது. படித்துச் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அங்கே நின்ற ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"பாத்தியா. பையில வந்த வெங்காயத்துக்குத்தான் பேப்பரு, பட்டறையில கிடக்கறதுக்கு இல்ல." யாவாரி கண்ணாடியைக் கழற்றினார். "படிச்ச புள்ள, மறைக்காம சொல்லிட்ட. நல்ல வளப்பு. அதுக்காகச் சொல்றேன், பாதி விலைக்கு எடுத்துக்கறேன். அந்தப் பேப்பர ஒரு ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போ."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு மண்டியில் அவர் பேசியதே "வேணாங்க" என்ற ஒரு சொல்தான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான்கு ரோடு சந்திப்பு தாண்டியதும் கேட்டார்.

"ஒரு சைபர் போட முடியலயாடா உங்க ஆபீசுல?"

"அப்படிப் போட முடியாதுப்பா. எந்த மண்ணுக்கும் சைபர் வராது."

"பக்கத்துக் காட்டுக்கு?"

"அதுக்கும் வராதுப்பா."

"அவர எவனும் பேப்பர் கேக்கல" என்றார்.

அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேறு மூன்று மண்டிக்குப் போய்ப் பார்த்தார். எல்லா இடத்துக்கும் போட்டோ அவருக்கு முன்னால் போயிருந்தது. நான் யாவாரியிடம் கொடுத்துவிட்டு வந்த ஜெராக்ஸும் எப்படியோ போயிருந்தது. பிறகு சித்திரை மழை பிடித்தது. பட்டறையின் அடி ஈரமாகி, தட்டி இடுக்கில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. அழுகின வாடை தெருமுனைவரை வந்தது. அணு வாடை என்று அதற்கும் பேர் வைத்தார்கள். அம்மாவும் அத்தையும் அழுகியதைப் பொறுக்கிக் கழித்தார்கள். மிச்சம் அறுபது மூட்டை. அப்பா அதே யாவாரிக்குப் போன் போட்டார்.

லாரி அன்று மத்தியானமே வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் வெங்காயத்தை முதலில் ஏற்றி, அதன்மேல் எங்களுடையதை ஏற்றினார்கள். டவுனில் இறக்கியதும் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, சலித்து, ஒரே மாதிரிச் சாக்கில் பிடித்தார்கள். எது யார் காட்டு வெங்காயம் என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. மறுநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் எங்கள் ஊர்க்காரர்களே அதை நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

எங்கள் களிமண் ஆய்வுக்கு உதவவில்லை. சுண்ணாம்பு அதிகம் என்று மேடம் ஒதுக்கிவிட்டார். திட்டம் வேறு மாவட்டத்து மண்ணோடு நடக்கிறது, அதற்கும் நான்தான் பாட்டில் குலுக்குகிறேன். எங்கள் காட்டு மண் என் மேசைக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. பெட்டியை மூடி ஒட்டியிருப்பதும் அதே மஞ்சள் டேப்பால்தான்.

மூட்டை இரண்டாயிரத்துக்குப் போகவேண்டியது ஆயிரத்துக்குப் போனதில் நஷ்டம் அறுபதாயிரம். சோதனைக் கட்டணம் மண்ணுக்கு ஐயாயிரம், வெங்காயத்துக்கு ஐயாயிரம், அதன்மேல் வரி ஆயிரத்து எண்ணூறு. அழுகினதைச் சேர்க்காமல், எழுபத்தோராயிரத்து எண்ணூறு ரூபாய்.