பயந்த முகம்

அந்தக் குடும்பத்தில் தாத்தா அரசராகவே நடித்துத் தீர்த்தவர். அப்பா காதல் நாயகன். அண்ணன் சண்டைப் படங்களில் பேர் வாங்கி, பிறகு இயக்குநரானார். சின்னவருக்கு மட்டும் வாய்த்தது ஒரே வேலை: பயப்படுவது. கொலையைப் பார்த்துவிட்ட குமாஸ்தா, கூண்டில் உளறும் சாட்சி, வில்லன் வீட்டு டிரைவர். நாற்பத்தொரு வருடத்தில் நூறு படங்களுக்கு மேல். நேரில் எல்லோரும் 'சின்னவர்' என்பார்கள். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் 'உதறல்'.

அண்ணன் இயக்கத்தில் சின்னவர் நடித்த ஒரு படம்தான் உதவி இயக்குநராக எனக்கு முதல் படம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். சொன்னதைச் சரியாகச் செய்தால் போதும் என்று நம்பியிருந்தேன்.

ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அவருக்குத் தண்ணீர் கொடுப்பது என் பொறுப்பு. டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். அப்படியும் விளிம்பு பல்லில் மோதும்.

"ஒத்திகையா சார்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"நிஜம்தாம்மா. ஆறு வயசுல ஆரம்பிச்சது. யாரும் கட் சொல்லல."

அவருடைய அப்பாவே இயக்கிய படம் அது. திருடர்களுக்குப் பயந்து மரப்பெட்டிக்குள் ஒளியும் பையனாக இவர். பூட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்பா பூட்டிவிட்டார். மூடி திறந்தபோது கேமராவுக்குக் கிடைத்த முகம் ஊர் முழுக்கச் சுவரொட்டியானது. அதற்குப் பிறகு வந்த எல்லா இயக்குநர்களும் அந்த முகத்தையே கேட்டார்கள்.

"முகத்த மட்டும் எடுத்தாங்க. நனைஞ்ச டவுசர எடுக்கல," என்று சிரித்தார். டம்ளர் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணன் எடுத்த இந்தப் படத்தில் சின்னவரின் மகளுக்கு முதல் வேடம். அவளுக்கும் ஆறு வயது. வீட்டுக்குள் ஆட்கள் புகுந்துவிட, அப்பாவாக நடிக்கும் சின்னவர் அவளை அலமாரிக்குள் ஒளித்துவைத்து முன்னால் காவல் நிற்கிறார். அவர்கள் போனதும் கதவைத் திறக்கிறார். ஒரே கேமரா, வெட்டில்லாமல் ஒரே ஷாட்.

அன்று காலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அலமாரிக்குப் பக்கவாட்டுல ஒரு தாழ்ப்பாள் வச்சிருக்கு, பார்த்தியா? ஆக்‌ஷன்னதும் போட்டுடு. நான் கை தூக்கினா எடு. ரெண்டு நிமிஷம்தான். எங்கப்பா இவன்கிட்ட அப்படித்தான் வாங்கினாரு."

"சின்னவருக்குத் தெரியுமா சார்?"

"தெரிஞ்சா ரெண்டு பேரையும் அலமாரில வைக்கணும்."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டேக்குக்கு முன் தண்ணீர் கொடுத்தபோது சின்னவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "கதவு சும்மா சாத்துறதுதானேம்மா? தாழ்ப்பாள் ஏதும் இல்லையே?"

"இல்ல சார்," என்றேன்.

அவர் மகளிடம் போய், "தள்ளினா திறந்துக்கும், செல்லம்," என்றார். என் பொய்யைத்தான் அவர் தெரியாமல் அவளிடம் சொன்னார்.

ஆக்‌ஷன். அலமாரிக்குப் பக்கத்தில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் குந்தியிருந்த நான் தாழ்ப்பாளைத் தள்ளினேன். டக்கென்று ஒரு சத்தம். சின்னவரின் கழுத்து விறைத்தது. உள்ளேயிருந்து மெல்லத் தட்டும் ஒலி. பிறகு வேகமாக. "அப்பா, தள்ளினா வரலப்பா."

அவர் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. "திறங்க," என்றார். வசனத்தில் அது இல்லை. அண்ணன் முகத்தில் பரவசம். தொடரச் சொல்லி ஒளிப்பதிவாளருக்கு விரலைச் சுழற்றினார். "திறங்கண்ணா, மூச்சு முட்டும்." லைட்மேன் ஒருவர், "பின்றாருய்யா," என்று முணுமுணுத்தார். நாற்பத்தொரு வருடம் பயந்து காட்டியவர் நிஜமாகப் பயந்தால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். என் விரல் தாழ்ப்பாள்மேல் இருந்தது. நான் அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லென்ஸைப் பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டில் பல் தேய்க்கக் கற்றுத்தரும் முன்பே சொல்லித்தருகிற பாடம். அவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில்கூட ஒருவரும் நேராகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சின்னவர் திரும்பி, லென்ஸை நேராகப் பார்த்தார். இமைக்கவில்லை.

லென்ஸைப் பார்த்தால் அந்த ஷாட் செத்தது. ஒளிப்பதிவாளரின் கை பழக்கத்தில் தானாகவே கேமராவை நிறுத்தியது. "கட். லுக் ஆயிடுச்சு."

தாழ்ப்பாளை இழுத்தேன். குழந்தை வெளியே விழுந்து அப்பாவின் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"கிடைச்சிருக்கும்டா. கெடுத்துட்டியே," என்றார் அண்ணன்.

"இன்னொரு டேக் போங்கண்ணா." குரல் உதறியது. "தாழ்ப்பாள் இருந்தா இன்னொரு தடவையும் லென்ஸப் பார்ப்பேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தாழ்ப்பாளைக் காட்டி, "கழட்டு," என்றார் என்னிடம்.

கழற்றி, திருகாணிகளைச் சின்னவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "முதல்ல நான் தள்ளிப் பார்க்கிறேன், செல்லம்," என்றார் மகளிடம். முழங்காலை மடக்கி அந்த இருட்டுக்குள் தானே நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பலகை படபடவென்று அதிர்வது வெளியே கேட்டது.

"நான் இங்கதான்பா இருக்கேன்," என்று மகள் வெளியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள், அவர் தள்ளித் திறக்கும்வரை.