வாசல் வரை வந்த வண்டி

செஞ்சி கடைத்தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பும் சந்தில் ஒரு ஆள் இரு கைகளையும் விரித்து நின்றால், இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிஞ்சும். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மருமகளாக வந்து சேர்ந்த அன்று, மாமனாரின் பெரிய கார் எங்களைக் கடைத்தெரு முனையிலேயே இறக்கிவிட்டது. மாலையும் கழுத்துமாக அறுபது தப்படி நடந்துதான் வாசலை அடைந்தோம். ஊரில் கார் வைத்திருந்த குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியொரு கார் இருந்தும் அது வீட்டு வாசலைப் பார்த்ததில்லை. முனையிலிருந்த கொட்டகையில்தான் எப்போதும் நிற்கும்.

மாமனாருக்கு மல்லாட்டை வியாபாரம். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். திண்டிவனத்து எண்ணெய் மில்களுக்கு அவர் காரில் போய் இறங்குவதே ஒரு காட்சி என்று என் கணவர் சொல்வார். மாமியாருக்கு அந்தக் காரைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. அவள் நடையில் கெட்டிக்காரி. கோயிலுக்கும் நடைதான், கடைத்தெருவுக்கும் நடைதான். அவள் போனால் கடைக்காரர்கள் எழுந்து நின்று பேசுவார்கள். மரியாதைக்கு மட்டுமல்ல, பேரத்தில் அவளிடம் தோற்கப்போகிறோம் என்ற பயத்திலும்.

எனக்குக் கல்யாணமான மறுவருஷம் அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. வைத்தியர் வந்து கட்டுப் போட்டார். கட்டுப் பிரித்தபோது ஒரு கால் குட்டையாகியிருந்தது. யாராவது பிடித்துக்கொண்டால் ஏழெட்டு அடி நடப்பாள், அதற்கு மேல் முடியாது. விழுப்புரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று ஒரு நாள் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு முனைக்குப் போனார்கள். கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது. காய்கறிக் கூடைக்காரி ஒருத்தி, “எப்டி இருந்த அம்மா, பாவம்” என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள்.

விழுப்புரத்து டாக்டர் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து கட்டிலில் படுத்ததும் மாமியார் சொன்னாள்: “இனிமே என்னை யாரும் தூக்க வேணாம். தூக்குறதுன்னா இனி ஒரே வாட்டிதான்.”

அதன் பிறகு நாலு வருஷம் அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

என் கணவர் அதிகம் பேசாதவர். ஒரு நாள் காலையில் சணல் கயிறு ஒன்றை எடுத்துப்போய்ச் சந்தின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறுகிய இடத்தில் முடிச்சுப் போட்டு, அதைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினார். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. போகிறவர்கள் கட்டிலையும் பீரோவையும் விற்றதுபோலக் கார்களையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை போனபோது ஒரு காரோடு திரும்பி வந்தார்.

காரென்றா சொல்வது? முட்டைக்குச் சக்கரம் வைத்தாற்போல இருந்தது. சாம்பல் நிறம். ஸ்டியரிங் இடது பக்கம். முன்பக்க மூடியைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். அங்கே இஞ்சினைக் காணோம். அது பின்னால் இருந்தது. முன்கதவுகளும் நம் கார்கள்போல இல்லாமல் கீல் பின்பக்கம் இருக்க, எதிர்ப்பக்கமாகத் திறந்தன.

மாமனார் கடையிலிருந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னாடா இது?”

“காரு, நைனா.”

“நம்ம காருக்குப் பக்கத்துல இதை நிறுத்துவியா?”

“முனையில நிறுத்தறதுக்கு இல்ல நைனா. சந்துல நுழையும். அம்மாவுக்காக.”

என் கணவர் வண்டியைச் சந்துக்குள் செலுத்தி, இடது சுவரை ஒட்டினாற்போல எங்கள் வாசலில் நிறுத்தினார். எங்கள் வீடு வலது கை வரிசை. இடது பக்க ஸ்டியரிங் என்பதால் பக்கத்து ஆசனம் வலப்புறம், நேராக எங்கள் வாசற்படிக்கு எதிரே இருந்தது. கதவு முழுக்கத் திறந்தது. படிக்கும் ஆசனத்துக்கும் நடுவில் ஒரே எட்டுதான். அவர் கயிற்றில் முடிச்சுப் போட்டபோது இதையெல்லாம் யோசித்திருந்தாரா என்று நான் கேட்டதில்லை.

ஆரன் சத்தம் கேட்டு மாமியார் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். “எனக்கு எங்க போவணும்? எனக்கொண்ணும் வேணாம்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் வற்புறுத்தவில்லை. வண்டியும் கொட்டகைக்குப் போய்ப் பெரிய காருக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மாட்டுக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி கட்டினதுபோல இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே நின்றது. சும்மா நின்றால் பாழாகிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைக் கோட்டைப் பக்கம் ஓட்டிப் போவார். ஒரு ஞாயிறு நானும் போனேன். செட்டிகுளத்துக்குப் பக்கத்து வெட்டவெளியில் நிறுத்தி, “ஓட்டிப் பாக்கறியா?” என்றார்.

பெரிய காராக இருந்திருந்தால் அவரும் கேட்டிருக்க மாட்டார், நானும் துணிந்திருக்க மாட்டேன், மாமனாரும் விட்டிருக்க மாட்டார். அதை அந்த ஊரில் பெண்பிள்ளை ஓட்டினால் குடும்ப கௌரவம் போயிற்று என்றிருப்பார்கள். இதை யாரும் கார் என்றே நினைக்கவில்லை. மருமகள் ஏதோ பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். சின்ன வண்டி எனக்குக் கொடுத்த முதல் சௌகரியம் அதுதான். நான் செய்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் என்னால் செய்ய முடிந்தது.

நான் குள்ளம். இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்வேன். கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி தவளைபோல் தத்தும். நாலைந்து ஞாயிறுகளில் தத்துவது நின்றது. பிறகு ரிவர்ஸில் நேர்கோடாகப் போவதற்கு மட்டும் பல வாரங்கள் பழக்கினார். சந்து முட்டுச்சந்து. உள்ளே போனால் பின்னால்தான் வர வேண்டும்.

லைசென்ஸுக்கு எழுதிப்போட்டிருந்த சமயம் அது. ஒரு சந்தை நாள், உச்சிப் பொழுது. கணவர் சரக்கு பார்க்க அனந்தபுரம் போயிருந்தார். மேல்சித்தாமூரிலிருந்து மாமியாரின் அக்கா மகன் சைக்கிளில் வந்து இறங்கினான். நாற்பது வயதுக்காரன், வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

“சின்னம்மா, அம்மா ரெண்டு நாளா கஞ்சி கூட குடிக்கல. உங்களையே கேட்டுக்கினு இருக்குது.”

அக்காவுக்கும் தங்கைக்கும் இடையே ஒரு காலை நேரத்து மாட்டுவண்டிப் பயணம்தான் தூரம். இவள் விழுந்த வருஷமே அவளுக்கு மூட்டுகள் மடங்காமல் போய்விட்டன. நாலு வருஷமாக ஒருவரையொருவர் பார்க்கவில்லை. போகிறவர் வருகிறவர் மூலம் ஊறுகாயும் சண்டையும் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன.

செய்தி கேட்டு மாமனார் கடையிலிருந்து வந்துவிட்டார். “டிரைவரை வண்டியை எடுத்து முனையில நிறுத்தச் சொல்றேன். நாலு பேரை வரச் சொல்லி நாற்காலியில...”

“வேணாம்” என்றாள் மாமியார்.

“அக்கா அங்க அப்டிக் கெடக்குது. இப்பக் கூட இன்னா பிடிவாதம்?”

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நீ ஓட்டுவியா?”

“ஓட்டுவேன் அத்தே” என்றேன்.

“லைசென்ஸ் கூட இன்னும் வரல” என்றார் மாமனார். “இன்னைக்கு சந்தை. ரோடு பூரா மூட்டையும் ஆடும் மாடும். அவன் வரட்டும்.”

“அவன் பொழுது சாய வருவான். அவளுக்கு ஓட்டத் தெரியும்னா அது போதும்.”

நான் கொட்டகைக்கு ஓடினேன். தலையணையை எடுக்க மறந்துவிட்டுத் திரும்ப வந்தேன். வண்டியை இடது சுவரை உரசாமல் வாசலில் நிறுத்தினேன். என் பக்கத்துக் கதவைத் திறக்க இடமில்லை. இறங்கி உதவ முடியாது, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகனும் சமையல் செய்யும் அம்மாளும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொள்ள, மாமியார் கூடத்திலிருந்து படிவரை தன் காலாலேயே வந்தாள். கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்ததால் முதுகைக் காட்டி ஆசனத்தில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ள முடிந்தது. புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, “ம்” என்றாள்.

சந்திலிருந்து பின்னாலேயே வந்து கடைத்தெருவில் வாலை நுழைத்தேன். அங்கே ஒரு பாத்திரக் கடைக்காரர் இரண்டு கைகளையும் அகட்டிக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி நின்றார். “வாம்மா, வா, வா, இந்தாண்ட ஒடி” என்று வழி சொன்னார். வெல்ல மூட்டைக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே ஒரு கட்டைவண்டி போகிற அளவுக்குத்தான் இடம். நுழைந்துவிட்டோம். சனங்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எல்லாரும் காரையும், அதை ஓட்டுகிற என்னையும் பார்த்தார்கள். மாமியாரின் காலை யாரும் பார்க்கவில்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிந்த முகங்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டே வந்தாள்.

திண்டிவனம் ரோட்டுக்கு வந்ததும் மலைகள் பின்னால் நகர்ந்தன. அவள் ஜன்னலில் கை வைத்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

“இங்க ஒரு வேப்பமரம் இருந்துச்சே.”

“தெரியல அத்தே.”

“இருந்துச்சு. வெட்டிட்டானுங்க.” கொஞ்ச தூரம் போனதும், “இந்த ஊருக்கெல்லாம் கரண்டு வந்துட்டுதா?” என்றாள். நாலு வருஷத்தில் என்னென்ன மாறியிருக்கிறது என்று அவள் கணக்கெடுத்துக்கொண்டு வருவது போலிருந்தது. அழுவாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை. அழுதது நான்தான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

மேல்சித்தாமூரிலும் தெரு ஒடுக்கம்தான். வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா மகன் சைக்கிளில் இன்னும் வந்து சேரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினாள்.

“எப்டிடி வந்தே? தூக்கிட்டு வந்தாங்களா?”

“யாரும் தூக்கல. நானே வந்தேன்.”

“பொய் சொல்றே.”

“வாசல்ல காரு நிக்குது பாரு.”

“நம்ம வாசல்லியா?” அக்கா தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். கதவு வழியாகச் சாம்பல் நிற மூக்கு தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, “உன் ஊறுகாயில உப்பு தூக்கல்” என்றாள். “அதான் கஞ்சி எறங்கல.”

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் சாப்பிட்டாக வேண்டும், எங்கள் வழக்கம் அது. தங்கை கிண்ணத்தைப் பிடிக்க, அக்கா அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

நாங்கள் செஞ்சிக்குத் திரும்பியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சந்து முனையில் மாமனார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. எங்களைக் கண்டதும் தெருவில் இறங்கி, வீடு திரும்பும் சந்தைக் கூட்டத்தைக் கையால் விலக்கினார். வண்டியோடு கூடவே வாசல்வரை நடந்துவந்து, கதவைத் திறந்து, மனைவிக்குத் தோள் கொடுத்தார். “அக்கா எப்டி இருக்குது?” என்று மட்டும் கேட்டார். என் கணவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “ரிவர்ஸு?” என்றார். “வந்துச்சு” என்றேன்.

அக்கா அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். அனேகமாக வாராவாரம் போனோம். ஒருமுறை இரண்டு பேரையும் பின் ஆசனத்தில் உட்காரவைத்துக் கோயிலைச் சுற்றி வந்தேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூச்சுவிட இடமிருக்காது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு, யார் அதிக இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று சுற்றி முடிக்கும்வரை தர்க்கம் பண்ணினார்கள். அக்கா போனபோது தங்கை பக்கத்தில் இருந்தாள்.

லைசென்ஸும் கிடைத்தது. உதிரிப் பாகங்கள் பாண்டிச்சேரியில் கிடைத்தவரை அந்த வண்டி எங்களிடம் இருந்தது. பிறகு ஒரு மெக்கானிக்கே அதை ஆசையாக வாங்கிக்கொண்டார். நான் பின்னாளில் சென்னையில் குடியேறி வேறு கார்கள் ஓட்டினேன், எல்லாம் சின்னவைதான். நிறுத்த இடம், பெட்ரோல் என்று கேட்பவர்களுக்குக் காரணம் சொல்வேன். அவையும் உண்மைதான். ஆனால் பெரிய காரில் போகிறவர்கள் எங்கேயோ ஓரிடத்தில் இறங்கி மிச்சத்தை நடக்கக் கூடியவர்கள். அப்படி நடக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள் என்பது அந்தச் சந்தில் வாழ்ந்ததால் எனக்குத் தெரிந்தது.

மாமியாரோடு அந்தச் சாம்பல் வண்டியில் போன பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மதராசுக்குப் போனது. அவளுக்குக் கண் ஆபரேஷன். என் கணவர் பின்னால், அவள் வழக்கம்போல் என் வலப்பக்கம். சௌகார்பேட்டைத் தெருக்களில் பெரிய கார்கள் கைவண்டிகளுக்குப் பின்னால் ஆரன் அடித்துக்கொண்டு நின்றன. நாங்கள் இடுக்கில் புகுந்து புகுந்து போனோம். “அந்தாண்ட சந்து இருக்குது பாரு, விடு, விடு” என்று அவள் எனக்கு வழி காட்டினாள், பார்வை தெரிந்த ஒற்றைக் கண்ணால். ஒரு முச்சந்தியில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். பூக்காரி ஒருத்தி ஜன்னலருகே வந்தாள். மல்லிகைச் சரத்தை அவள் முழம்போட ஆரம்பித்ததும் மாமியார் தடுத்தாள்.

“உன் கையி சின்னக் கையி. என் கையால அள.”

“இன்னாம்மா, எல்லாரும் என் முழத்துக்குத்தான் வாங்குறாங்க.”

போலீஸ்காரர் கையை இறக்கிவிட்டார். பின்னால் ஆரன்கள் எழும்பின. நான் கியரில் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

“அடிக்கட்டும்” என்றாள், சரத்தின் நுனியைப் பிடித்துத் தன் முழங்கையில் வைத்துக்கொண்டே.