கரையிலிருந்து வீசிய காற்று

சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில் என் நாத்தனார் ஒரு பிடி மணலை அள்ளித் தூவியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மணல் கடல் பக்கமாகப் பறந்தது. "பாத்தீங்களா அண்ணி, மேக்குக் காத்து. ஸ்ரீரங்கத்துல நம்ம மொட்டைமாடித் துணியெல்லாம் பிச்சுக்கிட்டுப் போகுமே, அதே ஆடிக்காத்துதான்" என்றாள்.

சென்னையில் வேலை பார்த்தபடி, விடுமுறைகளில் அலைச்சறுக்குப் பழகியவள் அவள். எங்களுக்குள் சண்டை கிடையாது. ஆனால் எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடத்தில் "சாப்டீங்களா"வைத் தாண்டிப் பேச்சும் கிடையாது. அந்த முறை அவள் வீட்டில் தங்கப் போனபோது, ஏனோ கடலுக்கு அழைத்தாள். மணப்பாறையில் பிறந்த எனக்கு நீச்சல் தெரியாது. கூப்பிட்டாளே என்ற சந்தோஷத்தில் போய்விட்டேன்.

கடலிலிருந்து அடிக்கும் காற்று அலையைக் கலைத்துவிடுமாம். கரையிலிருந்து போகும் காற்று அதை எதிர்த்துத் தாங்கி நிறுத்துமாம். அன்று ஒவ்வோர் அலையும் வழவழவென்று எழுந்து, உடையத் தயங்கி நின்றது. மிதவைச் சட்டை மாட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் என்னைப் பலகைமேல் படுக்க வைத்து, "இங்கேயே இருங்க, ஒரே ஒரு அலை" என்று சொல்லிவிட்டுத் தன் பலகையோடு போனாள். நான் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். திரும்பியபோது கரையில் இருந்தவர்கள் புள்ளிகளாகியிருந்தார்கள். அலையைத் தாங்கிய அதே காற்று என் முதுகைத் தள்ளிக்கொண்டிருந்தது.

கத்தினேன். என் குரல் கரைக்குப் போகவில்லை. அலையேறிக் கரைப்பக்கம் போயிருந்த அவள் குரல்தான் காற்றோடு வந்தது. "அண்ணி, படுங்க! உக்காந்தா காத்து தள்ளும்! பலகையை விட்டுடாதீங்க!" கைகளால் துழாவி வந்து சேர்ந்தவள், என் பலகையின் கயிற்றைத் தன் காலில் கட்டி, எதிர்காற்றில் இழுத்துப் போனாள். கரையேறியதும் மணலில் குப்புற விழுந்து அழுதாள்.

"வீட்ல சொல்ல வேண்டாம்" என்றேன். அடுத்த மாதம் ஸ்ரீரங்கம் வந்தவள், தன் அம்மாவிடம், அதாவது என் அத்தையிடம், எல்லாவற்றையும் சொன்னாள்.

"தப்பு என்னுதும்மா. காத்து தெரிஞ்சும் தனியா விட்டுட்டேன்."

"இனிமே நீ கடல் பக்கமே போகக் கூடாது" என்றார் அத்தை. நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வீட்டில் நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. "அவ போவா அத்தை" என்றேன். "நானும் போவேன். முதல்ல நீச்சல் கத்துக்கறேன்."

இப்போது திருச்சியில் ஒரு நீச்சல் குளத்தில், ஆழமில்லாத பக்கத்தைத் தாண்டிவிட்டேன். ஞாயிறுதோறும் அவள் போன் செய்கிறாள். ஒரு மணி நேரம் பேசுகிறோம், பெரும்பாலும் கடலைப் பற்றி அல்ல.