எஸ்டேட் படகை எடுத்த மாரப்பன்

மிளகு மூட்டையோடு சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்கியிருந்த சடையன் போன செவ்வாய்க்கிழமை பிற்பகலில் மலையேறி வந்தார். வீட்டுக்குப் போகாமல் நேரே எஸ்டேட் மருந்தகத்துக்கு வந்து வாசலில் நின்றார். அவருக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தெர்மாமீட்டரை எடுத்து உதறினேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம மோட்டார்காரர் மாரப்பன் போயிட்டாருங்க, கம்பவுண்டர் சாமி. மூணு நாளு காய்ச்சலாமுங்க. எல்லாம் முடிஞ்சு நாலு நாளாச்சுங்க" என்றார்.

நாலு நாள். மலைமேல் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியும் நடந்துதான் வர வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் காய்ச்சல் மருந்தான கொயினா புட்டிகள் நிறைய இருந்தன. அன்று சடையன் போன பிறகும் அந்த அலமாரியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

சேந்தமங்கலத்தில் மாரப்பனோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸின் டிரைவராகத் தெரியும். ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டால் இறங்கி, கரி உலையைக் கிளறிவிட்டு, பயணிகளோடு சேர்ந்து தானும் தள்ளுகிற மனிதராகத் தெரியும். யுத்தத்துக்கு முன்னால் நான்கு வருஷம் அவர் கொல்லிமலையில் படகு ஓட்டினார். அந்த மாரப்பனைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

அந்த மலைமேல், குண்டூர் நாடு என்கிற ஊர்களின் ஓரத்தில், ஓடையை மறித்து எஸ்டேட்காரர்கள் கட்டிய ஏரி ஒன்று இருக்கிறது. அப்போதிருந்த துரைக்குத் தூண்டில் பைத்தியம். மரப்படகு ஒன்றை மலைமேலேயே செய்யச் சொன்னார். அதன் பின்பலகையில் மாட்டுவதற்குச் சென்னையிலிருந்து ஒரு மோட்டார் வரவழைத்தார். அடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் நான்கு பேர் மூங்கிலில் கட்டி, ஒரு பகல் முழுக்கச் சுமந்து ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெட்ரோல் டின்னோடு வந்தவர்தான் மாரப்பன். எஞ்சின் தெரிந்தவர் என்று சேந்தமங்கலத்திலிருந்து மூன்று நாளைக்கு அழைத்து வந்திருந்தார்கள். மோட்டாரைப் பூட்டி, துரைக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவது ஏற்பாடு.

மூன்றாம் நாள் துரை தானே மோட்டாரை மாட்டினார். திருகுகளை இறுக்கவில்லை. ஏரியின் நடுவில் அது ஒரு துள்ளுத் துள்ளித் தண்ணீருக்குள் போய்விட்டது. மாரப்பன் மூழ்கி மூழ்கித் தேடி, நான்காம் முறை கயிறு கட்டிவிட்டு மேலே வந்தார். ஈரவேட்டியோடு மருந்தகத்துக்குள் நுழைந்ததுதான் நான் அவரைப் பக்கத்தில் பார்த்த முதல் தடவை.

"ஏனுங்க கம்பவுண்டர், ஸ்பிரிட் இருக்குதுங்களா?"

"எங்கே அடிபட்டது?"

"எனக்கில்லீங்க, மோட்டாருக்கு. தண்ணிய வடிச்சு, உள்ள ஸ்பிரிட் ஊத்தி அலசி, எண்ணெய் உட்டு இப்பவே ஓட்டிப்போடோணும். நாளைக்குன்னு உட்டா துரு புடிச்சுக்கும்."

ஒரு புட்டி கொடுத்தேன். பதிவேட்டில் காயத்துக்கு என்று எழுதினேன். அந்தி சாய்வதற்குள் மோட்டாரின் சத்தம் மறுபடியும் கேட்டது. துரை அவரைக் கீழே அனுப்பவில்லை.

அதன் பிறகு மோட்டாரை மாட்டும்போதெல்லாம் திருகுகளை இறுக்கிய கையோடு, ஒரு கயிற்றால் படகோடும் சேர்த்துக் கட்டிவிடுவார். கிளப்புகிற கயிற்றை இழுக்குமுன் தலையைத் திருப்பி, "பின்னால ஆரு நிக்கறீங்க?" என்று கேட்பார். கேட்டும் நகராத, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஒருமுறை மூக்கில் முழங்கை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். துரை மோட்டாரின் வேகத்தைப் புகழும்போது மாரப்பன் துடுப்புகளைத் தேடிக்கொண்டிருப்பார். "எந்திரத்தை நம்பித் துடுப்பை ஊட்டுல வெச்சுட்டு வரக்கூடாதுங்க" என்பது அவர் வாக்கு.

துரையின் விருந்தாளி ஒருவர் உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறி, என்னிடம் வந்தார். நான் இடுக்கியால் பின்பக்கமாக இழுக்கப் போனேன். கூட வந்த மாரப்பன் என் மணிக்கட்டைப் பிடித்தார். காவிரிக்கரையில் மோகனூர்ப் பக்கம் அவருடைய அம்மா ஊர். சின்ன வயதிலிருந்தே முள் குத்திய கைகளைப் பார்த்தவர். "வந்த வழியா இழுத்தா சதையப் பிச்சுக்கிட்டு வருமுங்க. முன்னால தள்ளி, முனையில இருக்கற கொக்கிய வெளிய எடுத்து நறுக்கிப்போட்டு, அப்பறம் இழுங்க" என்றார். அப்படியே செய்தேன். எனக்கு யாரும் அதுவரை சொல்லித்தராதது. விருந்தாளி என்னைப் பாராட்டினார். மாரப்பன் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

இனிச் சொல்ல வேண்டியது அந்த ஐப்பசி மாதத்துப் பகல்.

இரண்டு நாள் அடைமழை. துரை சேலம் போயிருந்தார். ஏரிக்கு அக்கரையில் நின்று நாலைந்து பேர் துணியை வீசிக் கத்தினார்கள். காற்றில் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கேட்டது. சடையனின் மனைவி நல்லம்மா மிளகுக்கொடிக்காக மரக்கிளையைக் கழித்தபோது அரிவாள் நழுவிக் காலில் இறங்கிவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. சுற்றிப் போகும் பாதையை ஓடை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. துரை வீட்டாரைத் தவிர வேறு யாரும் படகில் கால் வைக்கக் கூடாது என்பது உத்தரவு.

நான் மாரப்பனிடம் ஓடி, "படகை எடுங்கள்" என்றேன்.

"நீங்க சொல்றீங்களாங்க?"

"நான் சொல்கிறேன்."

வேறெதுவும் கேட்கவில்லை. பெட்டியோடு என்னை முன்பக்கம் உட்கார வைத்து, "எந்திரிச்சு மட்டும் நின்னுறாதீங்க" என்று சொல்லிக் கயிற்றை இழுத்தார்.

பாதி தூரம் போயிருப்போம். வெள்ளத்தில் வந்த கட்டை ஒன்று அடியில் மோதியது. மோட்டார் முன்னைவிட அதிகமாக அலறியது, படகு நகரவில்லை. தண்ணீருக்குள் சுழலும் விசிறியைத் தண்டோடு பிடித்திருக்கும் சிறு பித்தளை ஆணி முறிந்துவிட்டது. எங்காவது மோதினால் முறிவதற்காகவே வைத்த ஆணி அது. அது முறிந்தால்தான் உள்ளே பல்சக்கரம் பிழைக்கும். தீப்பெட்டியில் அவர் வைத்திருக்கும் மாற்று ஆணிகளும் தீர்ந்திருந்தன. தண்ணீர் எங்களை ஏரியின் கலிங்கு பக்கம் இழுத்தது. அங்கே வெள்ளம் வழிந்து பாறையில் விழும் ஓசை எனக்குக் கேட்டது.

"துடுப்பைப் போடுங்க. போய்ச்சேர வேண்டாம், இருக்கற எடத்துல இருந்தாப் போதும்" என்றார்.

நான் அதற்கு முன் துடுப்பைத் தொட்டதில்லை. உள்ளங்கைத் தோல் உரிய உரியப் போட்டேன். அவர் துரையின் தூண்டில் பெட்டியைத் திறந்து, இருப்பதில் பெரிய முள்ளை எடுத்து, வளைவையும் காதையும் குறட்டால் ஒடித்தார். மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, பின்பலகைமேல் வயிறு பதியப் படுத்து, அந்த எஃகுத் துண்டை ஆணி இருந்த துளையில் செருகினார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"இது முறியாதுங்க. இனிக் கல்லுல பட்டா பல்சக்கரந்தான் போவும். போனாப் போவுது."

அக்கரையில் கல் இருந்தது. கரைக்கு இருபது அடி இருக்கும்போது மோட்டாருக்குள் எலும்பு முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. மீதித் தூரத்தை அவர் துடுப்பால் தள்ளினார். நான் ஓடிப்போய் நல்லம்மாவின் காலைக் கட்டி, தையல் போட்டேன். ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிறார் என்றாலும், இன்றைக்கும் தன் கொடியில் தானே மிளகு பறிக்கிறார்.

துரை திரும்பி வந்ததும் எங்கள் இருவரையும் பங்களா வராந்தாவில் நிறுத்தினார். மேஜைமேல் உடைந்த பல்சக்கரம் இருந்தது. "படகை எடுக்கச் சொன்னது யார்?" என்று தமிழிலேயே கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். திறக்கவில்லை. அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். இந்த வேலையும் குவார்ட்டர்ஸும் போனால் எங்கே போவது என்று நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் எடுத்தனுங்க" என்றார் மாரப்பன்.

மறுநாள் காலை அவர் மலை இறங்கினார். அவருடைய தகரப் பெட்டியைச் சடையன் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரம் வரை போனார். நானும் முதல் வளைவு வரை நடந்தேன். ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, "என்மேல் கோபமா, மாரண்ணா?" என்றேன்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "கோவமில்லீங்க. நீங்க பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு. அவ்வளவுதானுங்க."

அதற்குப் பின் நான் கீழே போகும்போதெல்லாம் பஸ் நிற்கும் இடத்தில் அவரைத் தேடுவேன். கைகளில் கரி அப்பியிருக்கும். டீ வாங்கிக் கொடுப்பார். என் மகளின் பெயரைச் சொல்லி விசாரிப்பார். "ஏரில தண்ணி எவ்வளவு நிக்குதுங்க?" என்று கேட்பார். அந்த வராந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நானும் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவை சொல்லலாம் என்று மலையேறினேன். "ஒரு தரம் மேலே வாருங்கள்" என்று அழைத்தால், "வாரேனுங்க, தை பொறக்கட்டும்" என்பார். எத்தனையோ தை பிறந்தது. எஸ்டேட் பாதை திரும்பும் இடத்தில் பெட்டியும் கையுமாக யாராவது தெரிந்தால் இன்றைக்கும் என் கால்கள் வாசலுக்குப் போய்விடுகின்றன.

சடையன் செய்தி சொன்ன மறுநாள் பங்களாவுக்குப் போனேன். இப்போது இருப்பது வேறு மேனேஜர், இளைஞர். "அன்று படகை எடுக்கச் சொன்னது நான்தான்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் படகு?" என்று கேட்டார். விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் இங்கே, அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். எடுக்கச் சொன்னது நான். வேலை போனது அவருக்கு.

அன்று நல்லம்மாவுக்குக் கட்டுப்போட்ட பிறகு நாங்கள் திரும்பி வந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மழை விட்டிருந்தது. மோட்டார் செத்துவிட்டதால் அவர் துடுப்புப் போட்டார். அந்தப் படகில் துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வழி தெரிந்தது. "சொல்லுங்க, எந்தப் பக்கம்?" என்றார். கொஞ்சம் வலது, நேரே, அதோ கட்டை, இடது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சொன்ன பக்கமெல்லாம் படகு திரும்பியது. வழிநெடுக அவர் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பிச் சரிபார்க்கவில்லை. மூச்சு வாங்க, நெற்றியில் எண்ணெய்க் கறையோடு, என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த முகம்தான்.