மாமா உண்டாக்கிய பஸ் நிறுத்தம்

பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதை அரசாங்கம் முடிவு செய்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். போடியிலிருந்து மலைக்குப் போகிற சாலையில் ஒரு நிறுத்தத்தை என் தாய்மாமா முடிவு செய்தார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது என் அம்மாவும், அத்தையும், நானும், கொஞ்சம் இலவம்பஞ்சும்.

ஊர் முடிந்து மாந்தோப்புகள் தொடங்கும் வளைவில் மாமாவுக்கு நிலம் இருந்தது. பக்கத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடை, சாலையோரம் புளியமரங்கள். விவசாயத்தில் சலித்துப்போய் அங்கே வரிசையாகக் கடைகள் கட்டினார். ஊருக்குள் நெரிசல் தாங்கவில்லை, இனி வியாபாரமெல்லாம் வெளியேதான் வரும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் பஸ்கள் அதை அறியாமல் வளைவில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கடை கேட்டு வந்தவர்களெல்லாம் ‘ஸ்டாப்பு இல்லையே’ என்று திரும்பிப் போனார்கள்.

மனு கொடுத்து அலைய மாமாவுக்குப் பொறுமை இல்லை. தினமும் ஆட்கள் நின்று கை காட்டினால் டிரைவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும் என்றார். அந்தக் கோடை விடுமுறையில் காலைதோறும் நாங்கள் பயணிகளானோம். வெறுங்கையோடு நின்றால் நம்பமாட்டார்கள் என்று சாக்குப்பைகளில் இலவம்பஞ்சை அடைத்துக் கொடுத்தார். பார்க்க ஏலக்காய் மூட்டை மாதிரி இருக்கும். தூக்க ஒன்றுமே இல்லை. அடுத்த ஊரில் இறங்கி நடந்தே திரும்பிவருவோம். அதைவிட நல்ல விளையாட்டு எனக்கு அந்த வயதில் கிடைக்கவில்லை.

ஒருநாள் கண்டக்டர், பாவம் சின்னப்பிள்ளை தூக்குகிறதே என்று, என் மூட்டையைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். எடையில்லாத மூட்டை அவர் தலைக்கு மேலே எழும்பி, கம்பியில் மாட்டிக் கிழிந்தது. பஸ் முழுக்கப் பஞ்சு பறந்தது. ஒருவரின் மீசையில், ஒரு கைக்குழந்தையின் வாயில், டிரைவரின் கண்ணில். கண்டக்டர் இறங்கி, கடை வாசலில் நின்ற மாமாவிடம் போனார்.

“என்னண்ணே இது? இது வளைவு. பின்னாடி வர்றவனுக்கு பஸ்சு நிக்கிறது தெரியாது.”

“ஆளு நின்னா அது ஸ்டாப்புதாம்ப்பா” என்றார் மாமா. “ஒரு டீயக் குடிச்சிட்டுப் போ.”

பஸ்ஸே சிரித்தது. படியில் நின்ற அம்மா மட்டும், “எறங்குறவுக எப்பிடிண்ணே அந்தப் பக்கம் போவாக?” என்று கேட்டாள்.

“காலாலதான் ஆத்தா” என்றார் மாமா.

மறுபடியும் சிரிப்பு. நான்தான் அதிகம் சிரித்தேன்.

நிறுத்தம் வந்தது. கடைகள் நிரம்பின. பஸ் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும் என்று புளியமரங்கள் போயின. வண்டிகள் நிறுத்த இடம் வேண்டும் என்று ஓடையில் மண்ணைக் கொட்டி மேடாக்கினார்கள். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் அங்கே டீக்கு நின்றன. எதிர்ப்பக்கத்துத் தோப்பு வீட்டுமனையாயிற்று. நாங்கள் இப்போது குடியிருப்பது அதில்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. மாமா அம்மாவுக்குப் பங்காகக் கொடுத்த கடையின் வாடகையில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் சாலையில்தான் ஓடுகிறது. ஓரத்தில் வழியின்றி ஜனங்கள் நடுவில் நடக்கிறார்கள்.

போன மாதம் அப்படியொரு மழையில், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் அந்த நிறுத்தத்தில் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடந்தாள். பஸ்ஸை முந்திவந்த ஜீப்பு அவள் பையில் மாட்டி இழுத்துப் போட்டது. கையெலும்பு முறிந்தது. கையோடு போயிற்றே என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். பிரேக் சத்தம் கேட்டால் நான் இன்னும் வாசலுக்கு ஓடுகிறேன்.

நிறுத்தத்தை வளைவுக்கு அப்பால் மாற்றச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டால் பார்க்கலாம் என்றார்கள். மாமா இப்போது இல்லை. அவர் மகனிடம் போனேன். அன்று என் மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான். தலையைக் குனிந்துகொண்டே, “ஸ்டாப்ப மாத்துனா எல்லாக் கடையும் படுத்துரும் மதினி. நான் என்ன செய்ய?” என்றான். கட்டுப் பிரித்ததும் என் மகள் மறுபடி அங்கேதான் இறங்கியாக வேண்டும்.

பஞ்சு பறந்த அன்று, பஸ் கிளம்பிய பிறகும் அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. வலிக்கிறது என்று உதறிப் பார்த்தேன். பஸ்ஸில் எல்லோரும் பஞ்சை ஊதி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பின்கண்ணாடி வழியாக அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு வண்டிகூட வரவில்லை. காலியாகக் கிடக்கிற சாலையில் அம்மா அப்படி என்னத்தைப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.