சமையலறைக் கதவில் ஒரு தப்புக் கணக்கு

கல்யாணமான புதிதில் ஜான் பாஷா ஒரு தப்புக் கணக்கைச் சாக்பீஸால் சமையலறைக் கதவில் எழுதினார். 5+3=28. அதன் கீழே 9+1=810. ராசிபுரத்தில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், கணக்கில் கெட்டி. மனைவி ஷஹர்பானு சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. சோற்றை வடித்துவிட்டு வந்து, 8+6=214 என்று மூன்றாவது வரியை எழுதிவிட்டுப் போனாள். முதலில் கழித்து வந்ததை எழுத வேண்டும், ஒட்டினாற்போலக் கூட்டி வந்ததை எழுத வேண்டும். பிடித்துவிட்டாள்.

அதுவே அந்த வீட்டு வழக்கமாயிற்று. ஒருவர் பொய்க் கணக்குப் போடுவார். மற்றவர் அதன் விதியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதே விதிப்படி அடுத்த வரியை எழுத வேண்டும். சண்டையில் முகம் பார்க்காத நாட்களில்கூடக் கதவில் வரி விழுந்தது.

இந்த மாசியில் ஷஹர்பானு இறந்தாள். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும், பாஷா கதவைத் துடைத்துவிட்டுப் புதுக் கணக்குப் போட்டார். அது அப்படியே கிடந்தது.

மோர் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக் காளியண்ணன் அதைப் பார்த்துப் பயந்துபோய், சென்னையில் மென்பொருள் வேலையிலிருந்த பாஷாவின் மகன் அக்மலுக்குப் போன் செய்தார். அது விளையாட்டுத்தான், சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன் என்றான் அக்மல். காளியண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப ஆரு கூட வெளையாடறாரு, சாமி?"

அக்மல் அன்றே பஸ் ஏறினான்.

வந்ததும் அப்பாவைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனான். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர். பாஷா மூச்சுவிடாமல் இரண்டு வரை வந்து, இதற்குக் கீழே போகட்டுமா என்று கேட்டார். புத்தியில் கோளாறில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

ஆனாலும் அக்மல் விடவில்லை. சென்னையில் ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தான். இந்த வீட்டைப் பூட்டிவிடலாம் என்றான். பாஷாவுக்கு இந்த வீட்டைவிட்டு எங்கும் போக மனமில்லை. வாதாடிப் பார்த்தார். கடைசியில் கதவைக் காட்டினார்.

"அடுத்த வரியப் போடு. சரியாப் போட்டுட்டா வாரேன்."

1+3=4
2+4=10
3+5=18
6+8=

அக்மல் ஒரு நிமிடம் பார்த்தான். இரண்டையும் பெருக்கி, முதல் எண்ணைக் கூட்டு. 54 என்று எழுதினான்.

பாஷா தலையாட்டினார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை. உள்ளறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

அக்மல் கதவு முன்னாலேயே நின்றான். அம்மா என்றால் பெருக்கியிருக்க மாட்டாள் என்று தோன்றியது. மேல் வரியில் வந்த விடையைக் கீழே சேர்த்துக்கொண்டே போவது அவள் பழக்கம். அப்படிப் போட்டுப் பார்த்தான். நாலோடு இரண்டும் நாலும், பத்து. பத்தோடு மூன்றும் ஐந்தும், பதினெட்டு. எல்லா வரியும் பொருந்தியது. பதினெட்டோடு ஆறும் எட்டும்.

உள்ளங்கையால் 54-ஐ அழித்துவிட்டு, 32 என்று எழுதினான்.

பாஷா பையோடு வந்தார். "ஏன்டா அழிச்ச? நான் நெனச்சது அந்த அம்பத்திநாலுதான்."

"அப்ப நான் போட்டது தப்புத்தான், அத்தா. நீங்க வர வேண்டாம்."

பாஷா வரிகளை மேலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். 32-இல் விரல் நின்றது. வெகுநேரம் அதை எடுக்கவில்லை.

"உங்கம்மா கணக்கு," என்றார்.

"ஆமா, அத்தா."

பை தரையில் இறங்கியது. மத்தியான பஸ்ஸில் அக்மல் மட்டும் போனான். பாஷா கேட்டபடியே வீடு அவருக்குக் கிடைத்தது. இருட்டும்வரை அதில் ஒரு குரலும் கேட்கவில்லை.